சொந்தக் கவனக்குறைவு

"என் வீட்டுக்காரரு கவனமில்லாத ஆளுன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமாக்கும்?"

பாக்கியவதி தாளை மேசைமேல் போட்டு உள்ளங்கையால் அடித்தாள். எதிரே இருந்த மேனேஜர் லட்சுமிகாந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாரணாபுரம் சாலையில் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் அவருக்குப் பத்து வருட அனுபவம். நீட்டிய தாளைப் படித்துப் பார்க்கும் பெண்ணை அவர் அதிகம் கண்டதில்லை.

"எங்கம்மா படிச்ச நீ?"

"மிஷன் பள்ளிக்கூடத்துல. அஞ்சாப்பு வரைக்கும்."

"அதான் வம்பு" என்று முணுமுணுத்தார்.

தாளில் இருந்தது மூன்றே வரி. 'மருந்துக் கலவை அறையில் வேலை செய்த என் கணவர் ஆரோக்கியம், தம் சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட தீ விபத்தில் இறந்தார். இதில் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இதை என் முழு மனதோடு எழுதிக் கொடுக்கிறேன்.'

"ஊர்ல எல்லாக் கம்பெனியிலயும் வாங்குறதுதாம்மா. நீ கையெழுத்துப் போட்டாத்தான் உன் குடும்பத்துக்கு முதலாளி ஏதாவது பாப்பாரு. மூணு பிள்ளைக வச்சிருக்க. உங்க வெம்பக்கோட்டைப் பக்கம் ரெண்டு வருசமா மழை இல்ல. யோசிச்சுக்க."

"பிள்ளைகளக் காட்டி என்னைய மிரட்டாதீக. இந்த 'சொந்தக் கவனக்குறைவு' எங்கிருந்து வந்துச்சு? அத மொதல்ல சொல்லுங்க."

"கவனமா இருந்தா மருந்து எப்படிம்மா தீப்பிடிக்கும்?"

"எப்படின்னு நான் சொல்லுதேன், கேளுங்க. கல்யாணத்துக்கு முந்தி அச்சங்குளத்துல ஏழு வருசம் வெடிக்கு மருந்து செலுத்துனவ நான்." அவள் மேசைமேல் மூன்று விரல்களை ஊன்றினாள். "வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். தனித்தனியா இருந்தா சும்மா கெடக்கும். கலந்தாலும் காய்ஞ்சு கெடந்தா சும்மாதான் கெடக்கும். அதுல ஈரம் பட்டாத்தான் வினை. ஐப்பசி ஊதக்காத்து போதும், உள்ளுக்குள்ள சூடு கெளம்பிரும். பரப்பி வச்சா சூடு காத்துல போயிரும். குமிச்சு வச்சா அது எங்கன போகும்? உள்ளுக்குள்ளயே ஏறும். ஈரத்தோட போட்ட வைக்கப்படப்புல கைய விட்டுப் பாத்திருக்கீகளா?"

"இல்ல" என்றார் மேனேஜர், தன்னையறியாமல்.

"கை பொத்துப்போகும். அதே கதைதான். அதனாலதான் கலந்த மருந்த அன்னைக்கே முடிச்சிரணும்னு சட்டம். இங்கன என்ன செய்யுதீக? தீபாவளி சீசன், ஆர்டர் நிக்குதுன்னு மிச்ச மருந்தச் சாக்கப் போட்டு மூடி மறுநாளைக்கு வைக்கீக. உங்க போர்மேனே ஊருக்குள்ள சொல்லுதாரு. காலையில வந்து சாக்க எடுக்கிறவன் பண்ற தப்பு என்ன? சாக்க எடுக்கிறதா?"

லட்சுமிகாந்தத்தின் முகம் இறுகியது.

"தெரிஞ்சுதான இந்த வேலைக்கு வாராக? யாரும் கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டு வரல. அவுக இஷ்டம்."

"உங்களுக்குந்தான் தெரியும். தெரிஞ்சே மூடி வைக்கிறவுகளுக்கு ஒண்ணும் இல்ல. மாட்டிக்கிட்டவன் மட்டும் தன் இஷ்டத்துக்கு மாட்டிக்கிட்டானாக்கும்?"

மேனேஜர் சிரித்தார். அவரிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது.

"மாதா கோயிலுக்குப் போறவதான நீ? எவன் எப்ப என்ன பாவம் பண்ணுவான்னு சர்வேசுரனுக்கு முந்தியே தெரியும்னு உங்க சாமியாரு சொல்லுதாருல்ல? தெரியுங்கிறதுக்காகச் சர்வேசுரன் மேல கேசு போடுவியா? தெரிஞ்சவன் பொறுப்பில்லம்மா. செஞ்சவன்தான் பொறுப்பு."

பாக்கியவதிக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது.

"நல்லாப் பேசுதீக! சர்வேசுரனுக்குத் தெரியும். ஆனா இதத் தின்னா செத்துப்போவன்னு ஆதாமுக்கு முந்தியே சொன்னாருல்ல? பழத்தச் சாக்குக்குள்ள ஒளிச்சு வச்சு, போய் எடுத்துட்டு வாலேன்னு அனுப்பலையே! சும்மா தெரிஞ்சிருக்கிறது வேற, தெரிஞ்ச கையாலயே ஏற்பாடு பண்ணி வைக்கிறது வேற. நீங்க செய்யுறது ரெண்டாவது. செஞ்சவன்தான் பொறுப்புன்னு நீங்கதான சொன்னீக? அப்ப இந்தத் தாள்ல உங்க பேர எழுதுங்க."

"ஏய், யார்கிட்டப் பேசுதோம்னு தெரியுதா?" மேனேஜர் மேசையில் குத்தினார். "வெளிய இன்னும் நாலு பொம்பளைக நிக்காக. அவுக எல்லாம் மறுபேச்சுப் பேசாம ரேகை வச்சுட்டுப் போயிருவாக. நீ போடுதியா, இல்லையா?"

பாக்கியவதி பேனாவை எடுத்தாள். வீட்டில் இருப்பது ஒரு படி கம்பு. கடைசிப் பையனுக்கு வயது இரண்டு. பேனா முனையைத் தாளின் அடியில் வைத்தவள், வலது ஓரத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"தேதி போடாம இருக்கே?"

"அது வேணுங்கிறப்ப நாங்க போட்டுக்கிடுவோம். நீ கையெழுத்த மட்டும் போடு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். தாளை நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை கிழித்தாள்.

"திமிரு! பிள்ளைகளுக்கு எத வச்சுக் கஞ்சி ஊத்துவ?"

"தெரியாது. அது ஒண்ணாவது நீங்க முந்தியே டைப் அடிச்சு வைக்காத காரியமா இருக்கட்டும்."

விடுவிடுவென்று வாசலைத் தாண்டி வந்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம் அவளைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"என்ன பாக்கியம், கையெழுத்து வாங்கிட்டாகளா? இன்னைக்கே வேலையில சேந்துக்கிடவா?"