வலப்பக்கம் திரும்பவும்

"இத்தாலி எப்ப இடம் மாறிச்சு, வில்மா? நேரா தெற்கே போக வேண்டிய வண்டியை இந்தப் பொம்பளை வலது பக்கம் திருப்பச் சொல்றாளே!"

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கைபேசியை முறைத்தார் ஹார்மன். அவர் சொன்ன பொம்பளை, மேப்பில் வழி சொல்லும் குரல்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி வில்மா, வாயில் கிடந்த அதிமதுர மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினாள். "முன்னால ஏதோ விபத்தாம். நெடுஞ்சாலையை அடைச்சிருக்காங்களாம். சுத்திப் போகச் சொல்லுது."

"அடைச்ச மாதிரி தெரியலையே?"

"உனக்கு எப்படித் தெரியும்? அது வானத்துலேர்ந்து பார்க்குது."

முணுமுணுத்துக்கொண்டே வலப்பக்கம் திருப்பினார் ஹார்மன். பின்னால் கோத்திருந்த கேரவன், சக்கரம் வைத்த குட்டி வீடு, குலுங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. இத்தாலியில் விற்கும் கிழங்கில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

வில்மா ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு விட்டாள். விபத்தும் இல்லை, அடைப்பும் இல்லை. ஹாலந்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே, வழக்கமாகப் போகும் இத்தாலியின் கார்டா ஏரிக்குப் பதிலாக ஜெர்மனியின் ஐஃபல் மலையில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயரை மேப்பில் போட்டுவிட்டாள். அங்கேதான் அவர்கள் மகள் லோட்டே இருக்கிறாள்.

லோட்டே வங்கி வேலையை உதறிவிட்டு, ராய்னர் என்பவனைக் கட்டிக்கொண்டு ஆடு வளர்க்கப் போனவள். "அந்த ஆட்டுக்காரனோட போனா இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்று அன்றைக்கு ஹார்மன் ஒரு வார்த்தை விட்டார். அவள் வரவில்லை. கல்யாணத்துக்கு இவரும் போகவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. பேத்தி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். வில்மா மட்டும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நீயும் வாயேன்" என்றால் ஹார்மன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

"இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது குரல்.

"இது ரோடா, மாடு போற தடமா?"

"அழகா இருக்குல்ல?"

"கேரவனை இழுத்துக்கிட்டு அழகைப் பார்க்கணுமா? இவளை நம்பினா சாயங்காலம் போலந்துல போய் நிப்போம். எவ்வளவு கொடுத்து வாங்கினே இந்த மேப்பை?"

"இலவசம்தான்."

"அதானே பார்த்தேன்!"

திட்டினாரே தவிர, குரல் சொன்ன இடத்தில் எல்லாம் திரும்பினார். வில்மாவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது. உள்ளுக்குள் பயமும்தான். மகளைக் கண்டதும் வண்டியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்?

காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. மேப் உறைந்து நின்றது. குரலும் இல்லை. எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது.

"என்ன, உன் பொம்பளை வாயடைச்சுப் போயிட்டா?"

வில்மா கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மறுபக்கத்து ஊரில் ரயிலைவிட்டு இறங்கி, ராய்னரின் காரில் போய்ப் பழகியவள் அவள். இந்தப் பாதையைக் கண்டதே இல்லை.

"நெடுஞ்சாலைக்கே திரும்பிடலாம்னு சொல்லப் போறே, அதானே?" என்றாள் மெதுவாக.

"கேரவனை இங்கே எங்கே திருப்புறது? உன் தலையிலயா?" என்று எரிந்து விழுந்தவர், இடப்பக்கப் பாதையில் வண்டியை விட்டார். "எங்கேயாவது போய் முட்டட்டும்."

மரங்கள் விலகின. மேட்டில் ஒரு கல் வீடு. வேலிக்குள் ஆடுகள். வாசலில், இடுப்பில் குழந்தையோடு லோட்டே.

ஹார்மன் என்ஜினை அணைத்தார்.

"இது கார்டா ஏரி இல்லையே."

"இல்லைதான்" என்றாள் வில்மா. "மேப் ஏமாத்திடுச்சு போல."

அவர் இறங்கி நின்றார். தொண்டையைச் செருமினார். "வழி தவறி வந்துட்டோம். ஒரு காபி கிடைக்குமா?"

"கிடைக்கும்ப்பா." லோட்டேயின் குரல் உடைந்தது.

குழந்தை அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கக் கை நீட்டியது. ஹார்மன் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கொட்டிலிலிருந்து வந்த ராய்னரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆடெல்லாம் எங்கே? காட்டு" என்றார். இருவரும் வேலியோரமாக நடந்து போனார்கள்.

சமையலறையில் வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்கப்பாவைக் கூட்டிட்டு வர நான் பட்ட பாடு! விபத்துன்னேன், ரோடு அடைப்புன்னேன். அத்தனையும் நம்பிட்டார். இப்பவும் மேப் மேலதான் கோபம் அவருக்கு!"

லோட்டே காபிக் கெண்டியை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். காலையில பெட்ரோல் போட நிறுத்தினப்ப, நீ அந்தப் பக்கம் போனதும் உன் போன் மேப்புல எங்க ஊர்ப் பேரைப் பார்த்துட்டு, அதுலேர்ந்தே அப்பா ராய்னருக்குப் போன் பண்ணினார். 'என் பொண்டாட்டி என்னை ஏமாத்தி அங்கே கூட்டிட்டு வர்றா, அவ சந்தோஷத்தைக் கெடுத்துடாதீங்க. வழியை மட்டும் நீங்களே சொல்லிடுங்க மாப்பிள்ளை, மேப்பை நம்பி வந்து பேத்தியைப் பார்க்காம போயிடக் கூடாது'ன்னு கேட்டுக்கிட்டார்."