நளினி பார்த்த வாஸ்து

"இந்த வீடு வேண்டாங்க. வாசலுக்கு நேரா பாத்ரூம் இருக்கு" என்றாள் நளினி, போனில் திசைகாட்டியை அணைத்தபடி.

ரவிக்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஐந்தாவது வீடு. இப்போதிருக்கும் ஒற்றை அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

"உனக்கு எந்த வீடுதான் சரிப்படும்? முதல் வீட்டுல அடுப்பு ஈசானிய மூலையில இருக்குன்னே. ரெண்டாவதுல படிக்கட்டு வாசலைப் பாத்து இறங்குதுன்னே. அந்த ஜங்கிலிகாட் வீடு எவ்வளவு அம்சமா இருந்துச்சு. படியேற வேண்டாம், நல்ல காத்து. அதுக்கென்ன குறை?"

"அது தெருக்குத்து வீடுங்க."

"போர்ட் பிளேர்ல ரோடே வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். தெருக்குத்து இல்லாத வீட்டுக்கு நான் எங்க போவேன்?"

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த முருகையா எட்டிப் பார்த்தார். ரவியின் அப்பா. வேறொரு தீவில், ஹட் பேயின் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். இரண்டு முறை நெஞ்சுவலி வந்தபிறகு, இனித் தனியாக விடக்கூடாது என்று மகன் போன மாதம் கப்பலில் கூட்டி வந்துவிட்டான்.

"சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவுல பொறந்தேன். ஹட் பேயில தகரக் கொட்டாயில பாதி ஆயுசு போச்சு. ஒரு நாளும் திசை பாத்து உள்ள போனதில்ல" என்றார். "இந்தப் புள்ளையோட வாஸ்துவுக்கு நான் கப்பல்லயே குடியிருக்கணும் போல."

நளினி மாமனாருக்கு இடம் விட்டு ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். உள்ளே நுழையும்போது சந்தோஷமாகத்தான் இருப்பாள். முருகையா வாசல் நாற்காலியில் உட்காருவார். ரவி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவான். வீட்டுக்காரம்மாவோடு சமையல்கட்டைப் பார்த்துவிட்டு வருகிறவள், போனை எடுத்துத் திசை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வாஸ்துவில் தப்பித்த வீடு ஃபெங் சுயியில் மாட்டிக்கொள்ளும்.

ஆறாவது வீடு ஹேடோவில். செலின் என்கிற அம்மாவுடையது. பக்கத்துப் போர்ஷனிலேயே அவள் குடும்பமும் இருந்தது.

ரவி வேண்டுமென்றே குறைகளை எண்ணினான். தெற்கு வாசல். நேர் எதிரே பாத்ரூம். அடுப்பு எந்த மூலையிலும் சேராத இடத்தில். சரி, ஏழாவது வீட்டுக்கு யாரிடம் சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

சமையல்கட்டிலிருந்து வந்த செலின் நேராக முருகையாவிடம் போனாள்.

"ஐயா, கட்டிலை ஜன்னலோரமா போட்டுக்கிடுங்க, காத்து வரும். ஒடம்புக்கு முடியலன்னா செவத்தைத் தட்டுங்க போதும். நாங்க அடுத்தாப்லதான் இருக்கோம்."

நளினி போனை எடுக்கவே இல்லை. "முடிச்சிடலாங்க" என்றாள்.

"இங்கயும் வாசலுக்கு நேரா பாத்ரூம்தானே இருக்கு?"

"கதவுல சிவப்பு ரிப்பன் கட்டிட்டா தோஷம் போயிடுமாம். யூடியூப்ல சொன்னாங்க."

"என்னைப் பாகல் ஆக்காம, பைத்தியமா அலைய வைக்காம விடமாட்டே" என்று ரவி தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்த ரிப்பனைப் போன வீட்டுலயே கட்டித் தொலைச்சிருக்கலாமே புள்ள" என்றார் முருகையா.

நளினி சிரித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குடிவந்தார்கள். ரவி வெளியே வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான். நளினி அடுப்பில் பால் வைத்துவிட்டு, பொங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் போன் அடித்தது. அருகில் இருந்த முருகையா எடுத்தார்.

"ஹலோ."

"யாரு, நளினி வீட்டுக்காரரா? ஜங்கிலிகாட்லேர்ந்து சந்திரமதி பேசறேன். எங்க வீட்டைப் பாத்துட்டுப் போனீங்களே, அது இன்னும் காலியாத்தான் இருக்கு."

"நான்..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"சமையல்கட்டுல வச்சு நான் சொன்னதை நளினி உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்கப்பா நெஞ்சுவலிக்காரர்னு அவங்களே சொன்னாங்க. வாடகைக்கு விட்ட வீட்டுல ஒரு சாவு விழுந்து, நாள் நட்சத்திரமும் சரியில்லேன்னா ஆறு மாசம் அடைச்சுப் போடணும். அப்புறம் யாரு குடிவருவாங்க? எந்த வீட்டுக்காரங்களும் இதைத்தான் சொல்லுவாங்க. அவரைத் திரும்ப ஹட் பே கப்பல்ல ஏத்திவிட்டுட்டீங்கன்னா சொல்லுங்க. நாளைக்கே சாவி தர்றேன்."

முருகையாவுக்கு, இத்தனை நாளும் மருமகளை என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"வேற வீடு கெடைச்சிருச்சும்மா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நளினி டம்ளரில் பாலோடு வந்தாள். "யாரு மாமா போன்ல?"

"ராங் நம்பர்மா."

கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரவி உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது.

"பாருங்கப்பா, உங்க மருமக மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. உங்க கட்டிலைத் தெற்கே தலைமாடு வச்சுத்தான் போடணுமாம். இந்த வீட்டுலயும் என்னை நிம்மதியா இருக்கவிட மாட்டா."

"அவ சொல்ற மாதிரியே போடுடா" என்றார் முருகையா, பாலை வாங்கிக்கொண்டே. "என் மருமகளுக்கு வாஸ்து நல்லாவே தெரியும்."