நாலாம் மேசை சிவப்பு

"நேரடி இணைப்பை எடுத்துடும்மா. சாயங்காலம் ஒரே ஒரு தடவை கணக்கு வந்தாப் போதும்."

சூப்பர்வைசர் இப்படிக் கேட்டதும் ரிப்போர்ட் பிரிவுப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் மேசைகளில் ஒரு பெட்டி மூடின அடுத்த நொடியே முதலாளியின் திரையில் எண் ஏற வேண்டும் என்று, மண்டையை உடைத்துக்கொண்டு அவள் போட்ட இணைப்பு அது. ஒரு மேசையிலிருந்து கொஞ்ச நேரம் பெட்டி வராவிட்டால் அந்த மேசை திரையில் சிவப்பாகிவிடும்.

"சாயங்காலம் மொத்தமா அனுப்பற மாதிரி மாத்தினா, பகல்ல நடக்கிறது எதுவுமே முதலாளிக்குத் தெரியாதே சார்?"

"தெரிய வேணாம்."

அடேயப்பா! என்ன தைரியம்!

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா காரியம் கெட்டுடும். கெஞ்சிக் கேட்டுக்கறேன்ம்மா."

சிடுமூஞ்சி என்று கிடங்கே பெயர் வைத்த மனுஷன் கெஞ்சுகிறார் என்றால், ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது. நாலாம் மேசை தினமும் சிவப்பாவதைப் பார்த்து நேற்றுதான் முதலாளி எகிறிக் குதித்திருந்தார். "இன்னொரு தடவை சிவப்பு வந்தா அந்த மேசைக்கு வேற ஆளைப் போடு!"

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று அனுப்பிவிட்டாள்.

முதலாளி சாப்பிடப் போன நேரம், நாலாம் மேசை சிவப்பானது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான் என்று கீழே இறங்கினாள்.

மேசை காலி. அங்கே வேலை செய்யும் பெண்ணைக் காணோம். சாமான் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் காவல்காரர் மாதிரி சூப்பர்வைசர்!

"உள்ளே யாரு சார்?"

"மெதுவாப் பேசும்மா."

"நகருங்க! இல்லன்னா இப்பவே முதலாளிக்கு போன் போடுவேன்."

கதவு திறந்தது. நாலாம் மேசைப் பெண் மேல்கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தாள். கையில் சின்ன பாட்டில். அதில் பால்.

"குறை மாசத்துல பொறந்துடுச்சு மேடம். இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. நான் எடுத்துக் குடுத்தாத்தான்..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்?"

சூப்பர்வைசர் பாட்டிலை வாங்கி, மருந்து அனுப்பும் ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.

"அழாம போய் வேலையைப் பாரு. உன் வீட்டுக்காரர் வந்தா நான் குடுத்துக்கறேன்." அப்போதும் அதே சிடுசிடுப்புதான்.

ரிப்போர்ட் பெண்ணுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாடிக்கு ஓடி வந்து நாலாம் மேசையின் நேற்றைய மொத்தத்தைப் பார்த்தாள். மற்ற மேசைகளைவிட ஒரு பெட்டிகூடக் குறைவில்லை.

மளமளவென்று இணைப்பை மாற்றினாள். சற்று நேரத்தில் முதலாளியின் போன்.

"என்னம்மா இது, திரை அப்படியே நிக்குது? யாரைக் கேட்டு மாத்தினே?"

"நானேதான் மாத்தினேன் சார். அந்தந்த நிமிஷத்தை மட்டும் பார்த்து ஆளை எடை போட்டா, நீங்களும் என்னை மாதிரியே தப்புக் கணக்கு போட்டுடுவீங்க!"