வரைபடத்தில் இல்லாத சூளை

"இந்தப் பள்ளத்தாக்குல செத்தவங்க யாரும் வெளியே போக முடியாது. உடம்பு எங்க கிடக்குன்னு யாராவது கண்டுபிடிக்கிற வரைக்கும் மூடுபனியா அலைவாங்க. அந்தப் பனி பட்டா உயிர் போயிடும்," என்றாள் கோரின், வரைபடத்தை மேசைமேல் விரித்தபடி.

அமெரிக்காவின் டகோமா நகரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கோரின் வீட்டுக் கார் கொட்டகைதான் அவர்களுக்குச் சனிக்கிழமை உலகம். அவள் கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் போட்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை நடப்பது இருநூறு வருடம் கழித்து. கடல் பாதி நகரங்களை விழுங்கிவிட்டது. இயந்திரங்களும் மந்திரமும் மிச்சமிருப்பதற்கு அடித்துக்கொண்டிருக்கின்றன.

"போன தடவை சியாட்டில்ல டிராகன். இந்தத் தடவை எங்கயோ மலைக்காடு. ஏன், நம்ம நாட்டுல பேய் தீர்ந்துபோச்சா?" என்றான் லாரி ஓட்டும் பிராடி, பீட்சாவை மென்றபடி.

"யாருக்கும் தெரியாத இடமா இருந்தாத்தான் பயம் வரும். மத்திய அமெரிக்கா பக்கம். கண்ணை மூடிட்டு விரல் வெச்சேன், சான் எலாடியோன்னு வந்துச்சு. நானே ஒழுங்கா பார்த்ததில்ல."

இன்னொரு ஆட்டக்காரனான டெல்மரின் பக்கத்தில் இருந்த கிழவர் அனிபல், காபிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"டெல்மர், முழங்கால் வலிக்குது. நான் கிளம்பறேன்."

"மழையில எங்க போவீங்க? இருங்க, முடிஞ்சதும் நானே கொண்டு விடறேன்."

அனிபல் அவனுக்குப் பக்கத்து வீடு. எழுபதைத் தாண்டியவர். சோபா தைத்துப் பிழைத்தவர். ஊர் மெக்சிகோ என்று மட்டும் சொல்வார். மனைவி போனபின் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் கிடந்தார். டெல்மர்தான் சூப் கொண்டுபோய்க் கொடுத்து, பேசிப் பேசி, இங்கே இழுத்து வந்தான். ஒரு மாதமாகத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். அவருக்குக் கதையில் வழிகாட்டி வேடம்.

ஆட்டம் அன்று மோசமாகப் போனது. பிராடி கோயிலைத் தோண்டினான், ஒன்றும் இல்லை. ஆற்றில் தேடினான், பகடை காலை வாரிவிட்டது. வைத்தியன் வேடம் போட்ட டெல்மரைப் பனி சூழ்ந்தது.

"மூச்சு நிக்கப் போகுது. இன்னும் ஒரே ஒரு இடம் தேடலாம். தப்பாப் போனா டெல்மர் செத்தான்," என்றாள் கோரின்.

"அனிபல், காப்பாத்துங்க. உங்களை நம்பித்தான் இந்தக் காட்டுக்கு வந்தேன்," என்றான் டெல்மர் சிரித்துக்கொண்டே.

கிழவர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆத்துல தேடக்கூடாது. ஆத்துல போட்டா கீழ ஊருக்கு மிதந்து போயிடும். தெரிஞ்சிடும்."

"அப்ப எங்க?" என்றாள் கோரின்.

"கோயிலுக்குப் பின்னால மேல ஏறணும். கரும்பாலையைத் தாண்டினா பாறை ரெண்டாப் பிளந்து நிக்கும். அது பக்கத்துல பழைய சுண்ணாம்புச் சூளை."

"வரைபடத்துல சூளை இல்லையே."

"இருக்காது. வாயை மண்ணு போட்டு மூடி, மேல பைன் கன்னு நட்டாச்சு. இப்பக் காடா நிக்கும்."

பிராடி கைதட்டினான். "கோரின், அடுத்த தடவை கதையை இவர்கிட்ட விட்டுடு. உன்னைவிட நல்லா விடறார்."

கோரின் சிரிக்கவில்லை. "பிளந்த பாறைக்கு ஆத்துப் பக்கமா, மலைப் பக்கமா?"

"மலைப் பக்கம்."

"அதுக்குள்ள யாரெல்லாம் இருக்காங்க?"

"ஊர்ல இருந்தவங்க."

"குழந்தைங்களுமா?"

அனிபல் பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "எல்லாரும்," என்றார். பிறகு அவசரமாக, "கதைதானே," என்றார்.

"ஆமா, கதைதான். பகடை போட வேண்டாம். கண்டுபிடிச்சிட்டீங்க. டெல்மர் பிழைச்சான்."

டெல்மர் கிழவரின் தோளைக் கட்டிக்கொண்டான். அவர் சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. இவரை இங்கே அழைத்து வந்தது நாம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று அவனுக்குத் தோன்றியது.

கோரின் வரைபடத்தில் ஓர் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டாள். பிறகு கிழவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அது ஆங்கிலம் இல்லை, ஸ்பானிஷும் இல்லை. அனிபலின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்காமல் மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன அவர்கிட்ட?" என்றான் டெல்மர்.

"எங்கம்மா பேரைச் சொன்னேன்."

"உங்கம்மா பேரு இவருக்கு எதுக்கு?"

"சான் எலாடியோ நிஜ ஊர், அங்க எல்லாரையும் கொன்ன அன்னிக்குத் தப்பிச்ச ஒரே குழந்தை நான், டெல்மர், பொணங்களை எங்க போட்டாங்கன்னு தெரிஞ்சவங்கள்ல உயிரோட இருக்கிறது இவர் ஒருத்தர்தான். நீ இவருக்குப் பக்கத்து வீடுங்கிறதாலதான் உன்கூட சிநேகம் பிடிச்சேன், இந்த விளையாட்டையே ஆரம்பிச்சேன்."