சார்ஜ் ஏறும் சார்

"வண்டியில லேப்டாப்புக்கு சார்ஜ் ஏறுமா?" தாம்பரத்தில் ஏறியதும் பெரியவர் கேட்டார்.

"சூப்பரா ஏறும் சார்," என்றான் டாக்ஸி டிரைவர் மோகன்ராஜ். சாக்கெட் செத்து ஒரு மாதம் ஆகிறது. அதைச் சொன்னால் திருச்சி சவாரி போய்விடுமே!

திண்டிவனம் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தான். லேப்டாப் அணைந்து கிடந்தது. பெரியவர் அதைக் கண்டுகொள்ளாமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் சரியில்லையே!

வண்டியை ஓரங்கட்டினான். "அப்போலேர்ந்து என்னையே பாத்துகினு வர்றீங்க. யார் சார் நீங்க?"

"அனகாபுத்தூர்ல நாளைக்கு நீங்க பொண்ணு பார்க்க வர்றீங்கல்ல? நான்தான் பொண்ணோட அப்பா." சார்ஜர் வயரை நிதானமாகச் சுற்றினார். "ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா, நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வண்டியைத் தாம்பரத்துக்கே திருப்பிடுங்க."