பிரிக்காத பொம்மை

ஒரு வீட்டு ஷோகேஸில், வளையங்களை அளவுப்படி அடுக்கி விளையாடும் மரப் பொம்மை ஒன்று இருந்தது. குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்த பரிசு. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

கீழே தரையில் குழந்தை ஒரு கிண்ணத்தை டம்ளருக்குள் திணித்துக்கொண்டிருந்தது. போகவில்லை. அழுதது. மறுபடி திணித்தது.

"சத்தம் தாங்கலை," என்றது பொம்மை. "மூளையை வளர்க்கிறவன் நான். என் அட்டையிலேயே போட்டிருக்கு."

"அப்ப இறங்கி வாயேன்," என்றது கிண்ணம்.

"அழுக்காயிடுவேனாம். கொஞ்சம் வளரட்டும், அப்புறம் தரலாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

அதற்குள் குழந்தை டம்ளரைத் தூக்கிக் கிண்ணத்துக்குள் போட்டது. போய்விட்டது! குழந்தை வாய்பிளந்து பார்த்தது. எடுத்தது, மறுபடி போட்டது. கிண்ணத்தில் இன்னொரு ஒடுக்கு விழுந்தது.

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, அம்மா பொம்மையை எடுத்துக் கொடுத்தாள்.

"இது பாப்பா விளையாடுறதும்மா," என்று பிள்ளை திருப்பிக் கொடுத்துவிட்டது.

புதுசு போலத்தானே இருக்கிறது என்று, அடுத்த தெருவில் நடந்த பிறந்தநாளுக்கு ஜிகினாத் தாள் சுற்றி அதையே கொண்டுபோனார்கள். அந்த வீட்டு அம்மா ஜிகினாவை மட்டும் பிரித்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு! இப்பக் குடுத்தா உடைச்சிடுவான்," என்று ஷோகேஸைத் திறந்தாள்.

கீழே ஏதோ மூடி உருளும் சத்தம் கேட்டது. பொம்மை இந்த முறை பிளாஸ்டிக் தாளுக்குள்ளிருந்தே கீழே எட்டிப் பார்த்தது.