பாம்பாட்டி வீட்டுச் சம்பந்தம்

பழக்கூடையைத் திறப்பதற்கு முன் அதைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும்படி வேலைக்காரியிடம் சொன்னார் பழனியப்பன் கணக்கப்பிள்ளை. அவள் தட்டினாள். உள்ளே மங்குஸ்தீன் பழங்கள்தான் இருந்தன.

"தப்பா நினைக்காதீங்க. பாம்பாட்டி வீட்டுக் கூடைன்னா கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணுமில்ல" என்றார்.

கூடையைக் கொண்டுவந்த சீதாலெட்சுமி தப்பாகத்தான் நினைத்தாள். மகன் வாசுவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறி வந்தது அவனுக்குப் பெண் கேட்க. சண்டை போட அல்ல.

வாசு ரயில்வேயில் குமாஸ்தா. கிள்ளான் ஸ்டேஷனில் ஆறு மாதம் டிக்கெட் கொடுத்தபோதுதான் பழனியப்பனின் மகள் தங்கமணியைப் பார்த்தான். எங்கேயும் போகவேண்டிய அவசியமே இல்லாத அந்தப் பெண், அந்த ஆறு மாதத்தில் பதினெட்டு முறை டிக்கெட் வாங்கினாள்.

மாப்பிள்ளைக்கு உத்தியோகம் இருந்தது. குவார்ட்டர்ஸ் இருந்தது. பல்லும் வரிசையாக இருந்தது. பேர்தான் வாசு பாம்பாட்டி.

இறந்துபோன அவனுடைய அப்பா வேலாயுதம் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் தோட்ட வேலைக்காக ஊரிலிருந்து வந்து கப்பலிலிருந்து இறங்கியபோது, துறைமுகத்தில் பேரையும் தொழிலையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரப்பர் தோட்டத்துத் துரை இரண்டையும் சேர்த்து ஒரே பேராகப் படித்தார். அது சம்பளச் சீட்டில் ஏறி, மகனின் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் ஏறி, இப்போது வெள்ளைக்கார என்ஜினியர் அவனை 'மிஸ்டர் பாம்பாட்டி' என்று மரியாதையாகக் கூப்பிடும் அளவுக்கு வந்திருந்தது.

பழனியப்பன் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். தலைப்பாகையும் மீசையுமாக அவருடைய அப்பா, காலஞ்சென்ற நாகையா கணக்கப்பிள்ளை. அவரும் அதே துறைமுகத்தில் இறங்கித் தொழிலைச் சொன்னவர்தான். ஆனால் எந்தத் தொழிலைச் சொன்னார் என்பதில் அல்லவா இருக்கிறது கௌரவம் என்றார் பழனியப்பன். அப்பாவுக்குக் கணக்கெல்லாம் மனசிலேயே இருக்குமாம். பத்திரத்தில்கூடப் பேனாவைத் தொடாமல் கட்டைவிரலைத்தான் வைப்பாராம். எழுதுவது குமாஸ்தாக்களின் வேலை என்று சொல்லிவிட்டு வாசுவைப் பார்த்தார்.

பேரை மாற்றிக்கொண்டு வந்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னார். அப்பா விட்டுப்போனது அந்தப் பேர் ஒன்றுதான், மாற்ற முடியாது என்றான் வாசு.

"அப்ப பொண்ணு குடுக்க முடியாது தம்பி. கணக்கப்பிள்ளை பேத்தி பாம்பாட்டி வீட்டுக்குப் போனா, பாசார்ல என்னைப் பாக்கிறவனெல்லாம் மகுடி ஊதுவான்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே விழுந்தது. தங்கமணி அங்கேதான் நின்றிருந்தாள்.

வாசு இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். அவனுடைய அப்பா மண்புழுவைக் கண்டாலே கட்டிலில் ஏறி நின்றவர். அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் அவரோடு ஒரே கப்பலில் வந்த கன்னையாவைப் போர்ட் சுவெட்டன்ஹாமில் தேடிப் பிடித்து, சாட்சி சொல்லக் கூட்டிவந்திருந்தான். வந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த கிழவர் இப்போது தொண்டையைச் செருமினார்.

"வேலாயுதம் பாம்பாட்டி இல்லைங்க. ஊர்ல கணக்கு எழுதினவரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களைத் தோட்டத்துக்கு எடுக்க மாட்டாங்க, அதே கப்பல்ல திருப்பி அனுப்பிருவாங்கன்னு வர்ற வழியில ஒரே பேச்சு. அவரு பயந்துட்டாரு. வரிசையில அவருக்குப் பின்னால நெசமான பாம்பாட்டி ஒருத்தர் நின்னாரு. அந்தாளு தொழிலைத் தன்னோடதுன்னு சொல்லிட்டாரு."

கற்பூரம் கொளுத்தி வைத்தார்கள். கன்னையா அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்.

பழனியப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. கணக்கு எழுதிய குடும்பம் என்றால் நம்மைப்போல்தானே என்றார். சீதாலெட்சுமியைச் சம்பந்தியம்மா என்று அழைத்தார். தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டார்கள், வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. யாரும் கூப்பிடாமலேயே தங்கமணி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து, வாசுவுக்கு மட்டும் நிறையக் கொடுத்தாள்.

காப்பி குடித்த தெம்பில் பழனியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பின்னால் நின்ற அந்த அசல் பாம்பாட்டி என்ன ஆனான் என்று கேட்டார்.

அவர் வேறொரு தொழிலைச் சொல்லி எழுதிக்கொண்டு போய்விட்டார், பழைய கதை எதற்கு என்றார் கன்னையா. நல்ல காரியம் முடிந்த நேரத்தில் அது வேண்டாமே என்று சீதாலெட்சுமியும் சொல்லிப் பார்த்தாள். பழனியப்பன் விடவில்லை.

"அதெப்படி விடறது? அவன் வேற பேரை வச்சுக்கிட்டு எங்கயோ பெரிய மனுஷனா நடமாடியிருப்பான். புள்ளைங்களும் அதே பேரைச் சொல்லிக்கிட்டு அலையும். நாளைக்கு ஒருத்தர் ஏமாந்து அந்த வீட்டுல பொண்ணு எடுத்துட்டா பாவமில்லையா? சத்தியம் பண்ணியிருக்கீங்க பெரியவரே, மறைக்கக் கூடாது."

கன்னையா தயங்கினார். அந்த மனுஷனின் மகன் கிள்ளானிலேயேதான் இருக்கிறார் என்றார்.

"கிள்ளான்லயா? யாரு வீடு?"

கன்னையா கடைசி மடக்கைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாம இப்ப காப்பி குடிச்சமே, இந்த வீடுதாங்க."